ஊசி போடும் கை

பூனைக்குச் சர்க்கரை வியாதி என்றால் சிரிக்கிறவர்கள் உண்டு. "மனிதனுக்கே மருந்து வாங்க வழியில்லை, பூனைக்கு இன்சுலினா!" என்று கோபித்துக்கொள்கிறவர்களும் உண்டு. சிரிப்பவர்களை விட்டுவிடலாம். கோபப்படுகிறவர்களுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்தக் கோபத்தில் கொஞ்சம் நியாயமும் கலந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த சைவக் குடும்பம் ஒன்று. அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு அறுபதுக்கு மேல் வயது. பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் மூன்றாவது நபராகப் பன்னிரண்டு வயதுப் பூனை ஒன்று. சென்ற ஆண்டு அது தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் குடித்தது. மணல் தட்டை ஓயாமல் நனைத்தது. வழக்கத்தைவிட அதிகமாகத் தின்றும் இளைத்தது. பிறகு பின்னங்கால்களின் குதி தரையில் படும்படி, முயல் மாதிரி தாழ்ந்து நடக்க ஆரம்பித்தது. கால்நடை மருத்துவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு நீரிழிவு என்றார். காலையில் ஒரு ஊசி, பன்னிரண்டு மணி நேரம் கழித்து மாலையில் ஒரு ஊசி. ஊசி போடுகிற வேலை அந்த அம்மாளுக்கு வந்து சேர்ந்தது.

"நல்லதுக்குத்தான் குத்துறேன்னு அதுக்குத் தெரியுமா தம்பி? தெரியாதுன்னா அப்புறம் நான் பண்றதுக்குப் பேர் என்ன?" என்று ஒரு நாள் கேட்டார்.

சாதாரணக் கேள்வியல்ல. குழந்தைக்கு அம்மை ஊசி போடுகிறோம். அதுவும் புரியாமல்தான் அழுகிறது. ஆனால் குழந்தை வளரும், ஒரு நாள் புரிந்துகொள்ளும். வருங்காலத்தில் அது தரப்போகும் சம்மதத்தை நாம் இன்றே கடன் வாங்கிக்கொள்கிறோம். பூனையிடம் அந்தக் கடன் கிடைக்காது. அது எத்தனை ஆண்டு இருந்தாலும் ஊசியின் காரணத்தை அறியப் போவதில்லை. எனவே நியாயம் நாளையிலிருந்து வர முடியாது. இன்றைய பொழுதிலேயே இருக்க வேண்டும். இன்றைய பொழுதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஒரு பக்கம் தளர்ந்த தோலில் மயிரிழை போன்ற ஊசி உள்ளே போய் வரும் ஒரு கணம். தின்றுகொண்டிருக்கும்போது போட்டால் பூனை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மறு பக்கம், எவ்வளவு குடித்தாலும் தீராத தாகம், எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாத உணவு, தாவ முடியாத கால்கள். இந்தக் கணக்கு பூனையின் உடம்பிலேயே தீர்ந்துவிடுகிறது. அதற்கு விளங்க வேண்டிய அவசியமே இல்லை. விளங்க வேண்டும் என்ற பசி நமக்குத்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்த நோயை அது தானாகவா தேடிக்கொண்டது? பூனை புலால் உண்ணும் பிறவி. அதைத் தெருவிலிருந்து தூக்கி வந்தோம். இனப்பெருக்கம் கூடாதென்று அறுவை செய்தோம். எலி பிடிக்க வேண்டிய பிராணியை மெத்தையில் படுக்க வைத்தோம். தயிர்சாதமும், பையிலிருந்து கொட்டும் தானியம் கலந்த உலர் தீனியும் போட்டுப் பருக்க வைத்தோம். பருத்த, வயதான, விதை நீக்கிய ஆண் பூனைகளுக்கே இந்த நோய் அதிகம் வருகிறது என்பது மருத்துவர்கள் கண்டது. வினையில் பாதி நம்முடையதாக இருக்கும்போது, "இயற்கை விட்ட வழி" என்று கையை உதறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த வீட்டுக்கு இதனால் வந்த தர்மசங்கடம் வேடிக்கையானது. மாவுச்சத்து குறைந்த இறைச்சி உணவு கொடுக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். தொடக்கத்திலேயே இன்சுலினும் சரியான உணவும் கிடைத்தால் சில பூனைகளுக்குக் கொஞ்ச காலம் ஊசியே தேவையில்லாமல் போவதும் உண்டாம். முட்டைகூட நுழையாத சமையற்கட்டு அது. அந்த அம்மாள் ஒரு வாரம் யோசித்தார். பிறகு கொல்லைப்புறத்தில் தனியாக ஒரு அலமாரி, தனித் தட்டு, தனிக் கரண்டி. மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு மீன் டப்பாவைத் திறக்கிறார். "எங்க ஆச்சி இருந்திருந்தா வீட்டை விட்டே போயிருப்பா" என்று சொல்லிச் சிரித்தார். தம் விரதத்தைத் தம்மளவில் வைத்துக்கொண்டு, பூனையின் பிறவிக்குரியதைப் பூனைக்குக் கொடுத்துவிட்டார். தாம் கடைப்பிடிக்கும் அறத்தை வாயில்லாத ஒன்றின் வயிற்றில் திணிக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் உபதேசம் செய்யவில்லை.

கோபக்காரர்களிடம் வருகிறேன். இந்த மருந்து மனிதனுக்கு எப்படிக் கிடைத்தது? 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துப் பார்த்தார்கள். நாய்க்கு நீரிழிவு வந்தது. 1921-இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களை வைத்தே இன்சுலினைக் கண்டார்கள். மார்ஜரி என்ற நாய் கணையமில்லாமல் சுமார் 70 நாள் ஊசியால் உயிர் வாழ்ந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில்தான் ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அதற்குப் பின் 1982-இல் மனித இன்சுலின் விற்பனைக்கு வரும்வரை, சுமார் அறுபது ஆண்டுகள், மனிதர்கள் மாட்டின் கணையத்திலும் பன்றியின் கணையத்திலும் எடுத்த மருந்தில்தான் பிழைத்தார்கள். மிருகங்களிடமிருந்து வந்த ஒன்று ஒரு மிருகத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது என்பது விசித்திரமான வாதம். நாய் பட்ட கடனைப் பூனைக்கு அடைப்பதா என்று கேட்டால், கடன்காரனுக்கு அப்படியொரு சாக்குச் சொல்ல அருகதை இல்லை என்பேன்.

ஏழை நோயாளிக்கு மருந்து எட்டவில்லை என்பது உண்மை; வெட்கப்பட வேண்டிய உண்மை. ஆனால் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு யூனிட் போட்டுக்கொள்ளும் பூனை அதற்குக் காரணமல்ல. பூனைக்குச் செலவழிக்காத ரூபாய் தானாக நடந்து நோயாளியின் வீட்டுக்குப் போவதில்லை; பெரும்பாலும் அது ஜவுளிக் கடைக்குத்தான் போகிறது. அங்கே யாரும் கோபப்படுவதைக் காணோம். ஒரே வீட்டில், ஒரே பணத்தில், கணவரின் மருந்தா பூனையின் மருந்தா என்று வந்துவிட்டால் மட்டும் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. மனிதருக்குத்தான்.

இனி வாத்தியாருடைய பங்கைச் சொல்ல வேண்டும். காது நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து, கருவியில் அளந்து, நோட்டில் எழுதுவது அவர் வேலை. வீட்டில் அளப்பதற்குக் காரணம் உண்டு. ஆஸ்பத்திரிக் கூண்டில் பூனைக்கு ஏற்படும் பயமே சர்க்கரையை ஏற்றிவிடும். அங்கே எடுத்த எண்ணை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டினால் ஆபத்து. ஆனால் எண்ணுக்கென்று ஒரு போதை இருக்கிறது. நூற்றுக்கு நூறு வாங்கும் மாணவனைத் தேடுவது போல, அவர் நூறு என்ற எண்ணைத் தேட ஆரம்பித்தார். மருத்துவர் கண்டித்தார்: "ஏறிய சர்க்கரை மெள்ளத்தான் கெடுக்கும் சார், இறங்கிய சர்க்கரை சில மணி நேரத்தில் கொன்றுவிடும்." பூனை சாப்பிடாத வேளையில் தம்மைக் கேட்காமல் ஊசி போடக் கூடாது. தள்ளாடினாலோ, வெறித்துப் பார்த்தாலோ, வலிப்பு வந்தாலோ ஈறில் தேனைத் தடவிவிட்டு ஓடிவர வேண்டும். நாற்பது யூனிட் மருந்துக்கு நாற்பதின் ஊசிக் குழல், நூறு யூனிட் மருந்துக்கு நூறின் குழல். நூறு யூனிட் மருந்தை நாற்பதின் குழலில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். அன்பு மட்டும் போதாத இடம் இது. கவனமில்லாத அன்பு இங்கே விஷத்துக்குச் சமானம்.

எல்லாராலும் இது முடியுமா? முடியாது. கை நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இரவு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முடியாதவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் "ஊசியை நிறுத்திவிட்டேன், இனி அதன் விதி" என்கிறார்களே, அதைத்தான் ஒப்ப முடியவில்லை. ஊசி நின்றுவிட்ட பூனை தூங்குவது போலச் சாவதில்லை. ரத்தம் புளித்து, வாந்தியெடுத்து, நீர் வற்றி, நாட்கணக்கில் சாகும். கதவைச் சாத்தி வளர்த்தவன் கடைசியில் மட்டும் விதியைக் கூப்பிடலாமா? முடியவில்லையென்றால் மருத்துவரிடம் போய் வலியில்லாத முடிவைக் கேட்பதே மேல். பாவம் என்று நாம் அஞ்சுவது அந்த ஒரு ஊசிக்கு. போடாமல் விட்ட ஊசிகளின் பாவத்தை யாரும் எண்ணுவதில்லை.

வாத்தியார் இதை முன்கூட்டியே கேட்டுவிட்டார்: "எந்த நாளில் நிறுத்த வேண்டும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" பூனைக்குப் பிரியமான மூன்று காரியங்களை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னாராம் மருத்துவர். அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பதை நானே பார்த்தேன். ஜன்னல் திண்ணையில் காலை வெயில். விரித்த செய்தித்தாளின் மேல் ஏறிப் படுத்துக்கொள்வது. வாசல் கேட் சத்தம் கேட்டால் ஓடிவந்து நிற்பது. மூன்றுக்கும் எதிரே மாதா மாதம் பென்சிலால் ஒரு கோடு. இந்த மாதமும் மூன்று கோடுகள் இருந்தன.