பிறர் அறிவை அறிதல்

பிளேட்டோவின் ‘சார்மிடிஸ்’ உரையாடலில் கிரிட்டியாஸ், தானும் பிறரும் எதை அறிந்துள்ளனர், எதை அறியவில்லை என்று பகுத்துணரும் திறனையே, அதாவது அறிவைப் பற்றிய அறிவையே, தன்னடக்கம் என்று வரையறுக்கிறார். அதற்குச் சாக்ரட்டீஸ் எழுப்பும் தடை, மருத்துவம் கல்லாத ஒருவர் மெய்யான மருத்துவரையும் போலியையும் எவ்வாறு பிரித்தறிவார் என்பதாகும். இத்தடை வலுவானதெனில், வெவ்வேறு துறையினர் கூடிச் செய்யும் எந்தப் பணிக்கும் அடிப்படை ஆட்டம் காண்கிறது.

தொலைவில் இருந்தபடி கணினி வழியே கூடிப் பணிபுரிவோரிடம் இவ்வினா இன்று மேலும் கூர்மை பெறுகிறது. ஒரே அறையில் நெடுநாள் பழகியவர்களுக்கு யார் எதில் தேர்ந்தவர் என்பது தானாகவே புலப்படும், இவர்களுக்கோ அப்பழக்கம் வாய்ப்பதில்லை. நேரில் கூடுவதும் முழுத் தீர்வன்று: ஸ்டாஸரும் டைட்டஸும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், வேட்பாளர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க நேரில் கூடிய குழுக்கள், எல்லோரும் முன்பே அறிந்த செய்திகளையே பெரிதும் பேசி, ஒருவரிடம் மட்டும் இருந்தவற்றை வெளிக்கொணராமல், தகுதி மிக்க வேட்பாளரைத் தவறவிட்டன. எங்கெல்மானும் ஹெஸ்ஸேயும் 2010இல் வெளியிட்ட ஆய்விலோ, தனித்தனி இடங்களில் இருந்த உறுப்பினர்களுக்கு மற்றவர்களின் கருத்து வரைபடங்கள், அதாவது கருத்துகளையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் கோடுகளால் இணைத்துக் காட்டும் படங்கள், திரையில் காட்டப்பட்டன. அவ்வாறு கண்ட குழுக்கள் காணாத குழுக்களைவிட விரைவாகவும் கூடுதல் முறை சரியாகவும் சிக்கலைத் தீர்த்தன.

எனினும் சாக்ரட்டீஸின் தடை இதனால் நீங்கிவிடவில்லை. படத்தில் தெரிவது ஒருவர் தாம் அறிந்ததாக முன்வைப்பதே. அது மெய்யறிவுதானா என்பதைப் படம் சொல்வதில்லை. யாரிடம் எதைக் கேட்கலாம் என்று காட்டுவதோடு அதன் பணி முடிகிறது. அதுவே சிறிய உதவியன்று, ஏனெனில் கேட்கத் தெரியாததனாலேயே பல குழுக்கள் தம்மிடமுள்ளதை இழக்கின்றன.

எஞ்சும் இடைவெளிக்கு இந்தியத் தருக்க மரபான நியாய நெறியில் ஆழ்ந்த விடை உண்டு. ஆப்தர், அதாவது நம்பத் தகுந்தவர், கூறும் சொல்லை அறிவுக்கு வழியான பிரமாணங்களுள் ஒன்றாக நியாய சூத்திரம் ஏற்கிறது. வேதத்தின் நம்பகத்தை நிறுவும்போது அது எடுத்துக்காட்டுவது, மந்திரங்களோடு, வியப்பூட்டும் வகையில், ஆயுர்வேதத்தையும். மருத்துவம் கல்லாதவரும் நோய் தீர்வதைக் கண்டு மருத்துவரை அறிகிறார். செயலின் பயனே சொல்லுக்குச் சான்றாகிறது. ஆகவே கூட்டாளியின் அறிவைப் பற்றிய அறிவு, ஒரே நோக்கில் கிடைப்பதன்று. அவர் சொல்லை ஏற்றுச் செய்து, விளைவைக் கண்டு, சிறிது சிறிதாகச் சேர்வது.

நியாய சூத்திரத்துக்கு எழுதிய உரையில் வாத்ஸ்யாயனர் ஆப்தருக்கு இன்னொரு இலக்கணமும் தருகிறார்: பொருளை நேரே உணர்ந்திருப்பதோடு, உணர்ந்தவாறே பிறருக்கு உரைக்கும் விருப்பமும் அவருக்கு வேண்டும். கருத்து வரைபடக் கருவிகளை வடிவமைப்போர் பெரிதும் கருத வேண்டியது இவ்விருப்பத்தையே; ஊழியரை மதிப்பிடும் அளவுகோலாக நிர்வாகம் அதே வரைபடத்தைப் பயன்படுத்தத் தொடங்கினால், அவர்கள் அறிந்ததைக் கூட்டியோ அறியாததை மறைத்தோ வரைவார்கள், அப்போது திரையில் தெரிவதை நம்பிச் செயல்படும் கூட்டாளி, எதுவும் தெரியாமல் இருந்ததைவிடப் பெரிய பிழைக்கு ஆளாவார்.