வயதும் விலையும் வாய்மையும்

1895ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆந் திகதி இலண்டன் மாநகரின் ஓல்ட் பெய்லி நீதிமன்றிலே ஒஸ்கார் வைல்ட் சாட்சிக் கூண்டில் ஏறினார். குயின்ஸ்பரி பிரபு தம்மீது சுமத்திய பழியை எதிர்த்து அவரே தொடுத்த அவதூறு வழக்கு அது. எதிர்த்தரப்பு வழக்கறிஞரான எட்வேட் கார்சன், டப்ளின் திரித்துவக் கல்லூரியில் அவரோடு ஒரே காலத்திற் பயின்றவர். கார்சன் முதன்முதல் வினவியது இலக்கியத்தைப் பற்றியன்று, ஒழுக்கத்தைப் பற்றியுமன்று, வயதைப் பற்றி. தமக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை என்று வைல்ட் சற்று முன்னர் பிரமாணத்தின்மேற் கூறியிருந்தார். 1854ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16ஆந் திகதியன்றோ நீர் பிறந்தது என்றார் கார்சன். பிறப்புச் சான்றிதழ் அவரிடம் இருந்தது. நாற்பது வயதும் ஐந்து மாதமும் கடந்த ஒருவரின் சிறியதொரு பொய் அங்ஙனம் அம்பலமாயிற்று.

அப்பொய்யே வழக்கைத் தோற்கடித்தது எனல் மிகையாகும். ஆயினும் கார்சன் அவ்விடத்திலிருந்து தொடங்கியதற்குக் காரணம் இருந்தது. வைல்டின் நண்பரான அல்பிரட் டக்ளசுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. வயது வேறுபாட்டை முதலிற் காட்டிவிட்டால், பணமும் வெள்ளிச் சிகரெட் பெட்டிகளும் பெற்ற இளைஞர்களின் பெயர்கள் பின்னால் வரும்போது சான்றாயர்களின் உள்ளம் ஆயத்தமாயிருக்கும் என்பதை அவர் அறிவார். ஏப்ரல் 5ஆந் திகதி வைல்ட் வழக்கைக் கைவிட்டார். அன்றே கைது செய்யப்பட்டார். மே 25இல் இரண்டாண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை பெற்றார். தன் முதுமையை ஓர் ஓவியத்தின்மேல் ஏற்றிவிட்டுத் தான் இளமையோடு உலாவும் ஒருவனின் கதையை ஐந்தாண்டுகளுக்கு முன்னர் எழுதியவர் அவரே என்பதை எண்ணும்போது, கலைஞன் அறிந்ததை மனிதன் அறியாதிருப்பது எத்துணை எளிது என்று தோன்றுகிறது.

ஆணொருவன் மற்றோர் ஆணின் துணையைப் பணங்கொடுத்துப் பெறுதல், தன் வயதை மறைத்தல் ஆகிய இரண்டும் அன்று ஒரே கூண்டில் நின்றன. இன்றும் அவை பிரிந்தபாடில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவதே எமது எண்ணம்.

இத்தகைய பொருளை இவ்வேட்டில் எடுக்கலாமா என முகஞ்சுளிப்போர் இருப்பர். தனிமையும் பணமும் சந்திக்கும் இடத்தில் மனிதர் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்துகின்றனர் என்பது சமூகத்தைப் பற்றிய வினாவேயன்றிப் படுக்கையறையைப் பற்றிய வம்பன்று. மேலும், வைல்டைச் சிறையிட்ட அதே விக்ரோறியா கால மனப்பாங்கே 1883ஆம் ஆண்டின் எமது தண்டனைச் சட்டக்கோவையிலும் இடம்பெற்றது. 1995இல் அதனைத் திருத்தியபோது ஆண்களுக்கு மட்டும் உரியதாயிருந்த குற்றத்தைப் பெண்களுக்கும் விரித்தார்களேயொழிய நீக்கவில்லை. அதனை நீக்குதற்கான தனியார் பிரேரணை அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது 2023இலேதான். ஆகவே தூரதேசத்துச் செய்தி என்று இதனை ஒதுக்கிவிட முடியாது.

விலைத்துணைக்கு மேல்நாட்டார் வைத்த பெயர் ‘எஸ்கோர்ட்’ என்பது. வழித்துணை என்பதே அதன் நேர்ப்பொருள். அச்சொல்லைத் தமிழர் வேலுக்கும் மயிலுக்கும் வைத்திருக்கின்றனர் என்பது வேறு கதை.

தன்பாலீர்ப்புடைய ஆண்கள் இது பற்றி எழுதியும் பேசியும் வந்திருப்பவற்றை நோக்கின் அவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பது புலனாகும். பணங்கொடுத்தல் தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்பர் ஒரு சாரார். தம்மை எவரும் தாமாக நாடமாட்டார் என்று ஒருவன் தானே எழுதிக் கையொப்பமிடுவது போன்றது அது என்பது அவர் கருத்து. இதனை முப்பது வயதிற் பெருமையோடு கூறியவர் பலர் அறுபதில் மௌனமாகிவிடுகின்றனர். மறுசாராரோ, இதுவே எல்லாவற்றிலும் நேர்மையான ஒழுங்கு என்பர். மதுச்சாலையிலும் கைத்தொலைபேசியிலும் நிகழும் நாடகங்களில் யார் எதனை விரும்புகிறார் என்பது எவருக்கும் தெரியாது. இங்கோ நேரமும் தொகையும் முன்னரே பேசப்பட்டுவிடுகின்றன. ஏமாற்றம் எங்கே என்று அவர் வினவுவர். தொழில் செய்வோரின் குரல் இவற்றிலிருந்து வேறுபட்டது. இராப்போசனத்துக்குத் துணையிருக்கவும் கதைப்பதைக் கேட்கவும் அழைப்போர் பலர் என்றும், உடம்பு பிடித்துவிடுவோனும் நோயாளியைக் கழுவித் துடைப்போனும் செய்வது போன்ற உழைப்பே தமதும் என்றும் அவர்கள் கூறுகின்றனர். இவ்வுழைப்பைப் புனிதப்படுத்தவும் வேண்டாம், இழிவுபடுத்தவும் வேண்டாம் என்னும் அவ்வேண்டுகோள் எமக்கு நியாயமாகவே படுகிறது.

1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளிலே மார்க்ஸ் பணத்தின் வல்லமையைப் பற்றிக் கூறியது இங்கு நினைவுக்கு வரும். அழகற்றவன் அழகை விலைக்கு வாங்க வல்லவனாயின் அவனது அழகின்மை செயலற்றுப் போகின்றது என்பது அவர் வாதம். அதே கையெழுத்துப்படிகளிலே, உடலை விற்றல் என்பது உழைப்பாளி யாவரும் தம்மை விற்கும் பொதுநிலையின் ஒரு குறிப்பான வடிவமே என்றும் அவர் குறித்துவைத்தார். சரிதான். ஆனால் இவ்விடத்தில் ஒரு புதிர் எழுகின்றது. பணம் முதுமையைச் செயலற்றதாக்குமாயின், பணம் கொடுப்பவன் தன் வயதை மறைப்பானேன்? அறுபத்து நான்கு வயதுடையவன் தன்னிடம் கூலி பெறப்போகும் இளைஞனுக்கு ‘ஐம்பத்தைந்து’ என்று எழுதி அனுப்புகிறான். அத்தொகைக்கு அவன் எழுபது என்றாலும் வந்திருப்பான். பொய்யால் ஒரு சதமும் மிச்சமில்லை.

எமக்குத் தோன்றும் விடை இது: அவன் வாங்க விரும்பியது துணையையன்று; தான் தெரிந்தெடுக்கப்பட்டவன் என்னும் உணர்வை. அது சந்தையில் இல்லாத சரக்கு. கதவைத் திறக்கும்போது எதிரில் நிற்பவனின் முகத்தில் ஒரு கணம் தோன்றக்கூடிய ஏமாற்றத்தை அவன் அஞ்சுகிறான். அந்த அச்சத்துக்குக் கொடுக்கும் கையூட்டே அப்பொய். எவரையும் ஏமாற்றாத பொய் என்று அதனைக் கூறுவோர் உளர். அது ஒருவனை மட்டும் ஏமாற்றுகிறது; அவன் பணங்கொடுத்தவன்.

விற்பவனின் பொய் வேறு வகையானது. முப்பத்தெட்டு வயதானவன் விளம்பரத்தில் முப்பத்திரண்டு என்று போடுகிறான். ஆண்டு ஏற ஏற விலை இறங்கும் தொழில் அது. அநுபவம் பெருகுந்தோறும் ஊதியம் பெருகும் ஆசிரியத் தொழிலிலுள்ள எம்மனோர் இதனை எளிதாகக் கண்டிக்கலாம். ஒவ்வொரு பிறந்தநாளும் எமது சம்பளத்தைக் குறைத்திருந்தால் எமது பதிவேடுகளிலும் சில எண்கள் தடுமாறியிருக்கும். திரைத்தொழிலிலும் இதுவே நிலை. தன் உண்மை வயதை வெளியிட்டுவிட்டார்கள் என்று அமெரிக்க நடிகை ஒருவர் பெயர்பெற்ற திரைப்படத் தரவகம் ஒன்றின்மேல் வழக்குத் தொடுத்து 2013இல் தோற்றார். நடிகர்கள் கேட்டால் வயதை நீக்க வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 2016இல் சட்டம் இயற்றியது. உண்மையை வெளியிடும் உரிமைக்கு அது மாறானது என்று நீதிமன்றம் 2018இல் அதனைத் தள்ளிவிட்டது. வேலை கொடுப்போன் வயதைப் பார்த்து ஒதுக்குவது தொடரும்வரை, வயதை மறைப்போனைப் பொய்யன் என்பது அரைநீதிதான்.

‘எல்லோரும் ஐந்து வயது குறைத்தே போடுகின்றனர், வாசிப்போரும் ஐந்தைக் கூட்டியே வாசிக்கின்றனர், பிறகு அதிற் பொய் ஏது?’ என்பது பரவலான சமாதானம். எமது கலியாணத் தரகர்களும் இதையேதான் சொல்கின்றனர்; அவர்கள் கையிலுள்ள குறிப்புகளில் முப்பத்தாறு வயது மாப்பிள்ளையைக் காண்பது அரிது. ஆனால் இச்சமாதானம் ஒன்றை மறந்துவிடுகிறது. எல்லோரும் ஐந்து குறைக்கும் ஊரில், உண்மையாகவே முப்பத்தெட்டு என்று எழுதியவன் நாற்பத்து மூன்றாக வாசிக்கப்படுகின்றான். பிறரது பொய்க்குரிய தண்டத்தை உண்மை சொன்னவன் கட்டுகிறான். கலப்பட நாணயம் புழங்கும் சந்தையில் நல்ல நாணயம் வைத்திருப்பவனுக்கு நேர்வதும் இதுவே. கைத்தொலைபேசி இதனை மேலும் கடுமையாக்கிவிட்டது. 2009இல் தொடங்கிய ‘கிரைண்டர்’ போன்ற செயலிகளில் வயதெல்லை வகுத்துத் தேடலாம். நாற்பத்தைந்துக்கு மேல் வேண்டாம் என்று ஒருவன் எல்லை வைத்தால், நாற்பத்தாறு என்று எழுதியவன் அவன் கண்ணிற் படுவதே இல்லை. மறுக்கப்படுவதற்குக்கூட அவனுக்கு வாய்ப்பில்லை. எண்ணை மாற்றினாற் கதவு திறக்கும் என்று தெரிந்தபின் மாற்றாதிருப்பது துறவிக்கே இயலும்.

வள்ளுவர் குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றவர். வரைவின் மகளிர் அதிகாரத்திலோ பொய்யை விற்பவளின் பக்கமும் அறியாமையை வாங்குபவனின் பக்கமும் வைத்தார். வாங்குபவனும் பொய்யுரைப்பான் என்பது அவருக்குத் தோன்றவில்லை போலும். அல்லது, பொருள் கொடுப்பவனுக்குப் பொய் தேவைப்படாது என்று கருதினார் போலும். எமது காலம் அதனை மறுக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் எமக்குத் தளர்வு இல்லை. பதினெட்டு நிரம்பாதவன் தன்னைப் பதினெட்டு என்று கூறும் பொய் அது. அப்பொய்யின் பொறுப்பு அவனுடையதன்று, கேளாதிருந்தவனுடையது. இத்தொழிலைக் குற்றப்பட்டியலிலிருந்து 2003இல் நீக்கிய நியூசிலாந்துச் சட்டமும், பதினெட்டுக்குக் குறைந்தவரை இத்தொழிலில் ஈடுபடுத்துவோனையும் அவரிடம் செல்வோனையும் குற்றவாளியாகவே வைத்தது. வயது என்பது விளம்பரச் சம்பிரதாயம், யாரும் நம்புவதில்லை என்று சிரித்துக்கொள்ளும் பழக்கத்தின் மெய்யான கேடு இங்கேதான் இருக்கின்றது. எந்த எண்ணையும் நம்பாதவன், நம்பக்கூடாத எண்ணையும் கேள்வியின்றிக் கடந்துவிடுகிறான். முப்பத்தெட்டை முப்பத்திரண்டாக்குவது எவருக்கும் தீங்கற்றது என்போர் இதற்கு விடை கூறவேண்டும்.

இனி, சட்டத்தைப் பற்றிச் சிறிது. 2015 ஓகஸ்ட் 11ஆந் திகதி, சர்வதேச மன்னிப்புச் சபை டப்ளினிற் கூடி, வயதுவந்தோர் தம் இசைவோடு செய்யும் இத்தொழிலைக் குற்றமாக்கலாகாது என்று தீர்மானித்தது. அதே மாதம் 25ஆந் திகதி அமெரிக்கச் சமஷ்டி அதிகாரிகள் நியூயோர்க்கில் ‘ரென்ற்போய்’ என்னும் விளம்பரத்தளத்தின் அலுவலகத்துள் நுழைந்து அதன் தலைவரையும் ஊழியர்களையும் கைது செய்தனர். தலைவருக்கு 2017இல் ஆறுமாதச் சிறை விதிக்கப்பட்டது. 2018இல் வந்த மற்றொரு சட்டம் எஞ்சிய தளங்களையும் அச்சத்துள் ஆழ்த்தியது. இவற்றின் விளைவு வாய்மையோடு தொடர்புடையது. தொழிலின் பெயரையே எழுதமுடியாத இடத்தில், ‘நேரத்துக்கு மட்டுமே கட்டணம்’ என்று எல்லோரும் எழுதினர். முதற் பொய்யைச் சட்டமே சொல்லிக் கொடுத்தது. அதன்மேல் வயதுப் பொய் ஏறி அமர்வதில் வியப்பென்ன?

வாங்குபவனைப் பற்றி நாம் கடுமையாகவே கூறிவிட்டோம். அவனுக்காகவும் ஒன்று கூறவேண்டும். இன்று எழுபதை அண்மிக்கும் மேல்நாட்டுத் தன்பாலீர்ப்பு ஆண் ஒருவன் இருபத்தைந்து வயதினனாக இருந்தபோதுதான், 1981இல், எயிட்ஸ் நோயின் முதற்செய்தி வெளியாயிற்று. பயனுள்ள கூட்டு மருந்து 1996இலேயே வந்தது. இடைப்பட்ட பதினைந்தாண்டில் அவனோடு சேர்ந்து முதிர்ந்திருக்க வேண்டியவர்களில் எத்தனையோ பேர் மாண்டுவிட்டனர். உடன் முதுமை எய்த ஒருவரும் எஞ்சாதவனுக்குத் தன் வயது ஓர் எண்ணன்று. ஆள் குறைந்த இடாப்பு. அதனை வாய்விட்டுச் சொல்ல அவன் தயங்குவது ஒப்பனை ஆசையால் மட்டுமன்று. தன்பாலீர்ப்பு முதியோர்க்கென நியூயோர்க்கில் 1978இல் ஓர் அமைப்புத் தோன்றியது. நோய்க்கு முன்னரே அத்தேவையைச் சிலர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அது சான்று. அவ்வமைப்புப் போன்றவை பல இருந்திருப்பின், இரவு பத்து மணிக்கு விலைத்துணையின் இலக்கத்தைத் தேடும் கைகள் குறைந்திருக்கும். குறைந்திருக்க வேண்டுமா என்று கேட்போரும் உளர். அவர்களோடு நாம் வாதிடப் போவதில்லை.

இக்கட்டுரையின் வரைவைப் படித்த நண்பரொருவர், விற்பவனுக்கு மன்னிப்பும் வாங்குபவனுக்குக் கண்டிப்புமாக எழுதியிருக்கிறீர்கள், இது என்ன நீதி என்றார். விற்பவன் பொய்யுரைத்தால் மற்றவன் இழப்பது ஒரு மாலைப்பொழுது. மெய்யுரைத்தால் அவன் இழப்பது அடுத்த மாத வாடகை என்றோம். நண்பர் சற்று நேரம் பேசாதிருந்தார். முப்பது ஆண்டு தனித்திருந்தவனுக்கு ஒரு மாலைப்பொழுது அவ்வளவு மலிவா என்று பின்னர் கேட்டார். அதற்கு நாம் இன்னும் விடை கூறவில்லை.