போதும் என்று சொல்வது யார்?

உங்கள் மூளைக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. பெயர், மைக்ரோக்ளியா. 1919-ல் ஸ்பெயின் விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஒர்த்தேகா வைத்த பெயர். அடிபட்டால்தான் முழித்துக்கொள்ளும், மற்றபடி தூங்குமூஞ்சி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2005-ல் உயிருள்ள சுண்டெலியின் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பயல்கள் தூங்கவே இல்லை! மெல்லிய கைகளை நீட்டி, அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்தபடியே இருந்தார்கள்.

அவர்கள் மோப்பம் பிடிக்கும் பொருட்களில் ஒன்று கால்சியம். பால், எலும்பு என்று நமக்குத் தெரிந்த அதே சரக்குதான். செல்லுக்கு வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே உலவுகிறது. ஆகவே, துளி கசிந்தாலும் தந்தி வந்த மாதிரி. வெளியே உள்ள கால்சியத்தை உணரும் ஏற்பி எலியின் மைக்ரோக்ளியாவில் இருப்பதும், அது பொட்டாசியம் வெளியேறும் வாசலைக் கட்டுப்படுத்துவதும் 1999-ல் தெரியவந்தது.

கால்சியம் உள்ளே வர ஒரு வாசல், ஓராய். கிரேக்கப் புராணத்தில் சொர்க்கவாசல் காப்பவர்களின் பெயர். செல்லின் கையிருப்பு குறைந்தால் அது திறக்கும். வேடிக்கை என்னவென்றால், உள்ளே நுழைந்த கால்சியமே 'போதும்' என்று வாசலை அடைக்கவும் செய்கிறது.

இத்தனை இருந்தும் காவல் தடம் புரள்வதுண்டு. அல்சைமர் மாதிரி நோய் உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளில், புரதப் படிவுகள் சேரும் முன்பே மைக்ரோக்ளியா நரம்பு இணைப்புகளை விழுங்குவதை 2016-ல் கண்டார்கள். காக்க வந்தவரே விழுங்கிவிட்டார்.

செல்லைத் திட்ட முடியாது. அதற்கு எண்ணம் கிடையாது. நமக்கு உண்டே? மகளின் செல்போனை நோண்டும் அப்பாவைக் கேளுங்கள். "அவ நல்லதுக்குத்தான்" என்பார். பொய்யில்லை. ஆனால், நல்லெண்ணம் மட்டும் போதுமா? தான் செய்தது என்ன ஆயிற்று என்ற சேதி அவருக்குத் திரும்பி வர வேண்டாமா? மகள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள் என்றால், அதுதான் சேதி. அவரோ அதையே கூடுதல் சந்தேகத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார். வாசல் இன்னும் அகலமாகத் திறக்கிறது.

"அப்ப கண்ணை மூடிட்டு இருக்கணுமா?" என்பீர்கள். வேண்டாம். விழித்திருப்பது வேறு, விழுங்குவது வேறு. நீங்கள் யாருக்காவது காவல் இருக்கிறீர்களா? அப்பாவோ, கணவனோ, மேனேஜரோ... 'போதும்' என்று உங்களிடம் சொல்ல அவர்களுக்கு ஒரு வழி விட்டிருக்கிறீர்களா? இன்றைக்குக் கேட்டுப் பாருங்கள்.