விரைவும் காப்பும்

கருவியொன்றைத் தெரிவு செய்வோர் தம்பொருட்டு மட்டுமே தெரிவு செய்கின்றனரா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. கணினிக்குச் செய்நிரல் எழுத மொழியைத் தெரியும்போதும் அவ்வினா எழுகின்றது.

1970களின் தொடக்கத்தில் உருவான சி மொழி விரைவுக்குப் பெயர் பெற்றது. 100 இடங்கள் கொண்ட வரிசையொன்றில் 101ஆம் இடத்தில் எழுதப் பணித்தால் அது தானாகத் தடுப்பதில்லை. அருகிலுள்ள தரவு சிதையக்கூடும். எல்லையைச் சோதிக்கும் மொழிகள் தடுக்கும். ஆயின் சோதனைக்குச் சிறிது நேரம் செலவாகும். அந்நேரத்தைச் சேமித்தல் முறையா?

1934இல் கொழும்பில் பிறந்த கணினி அறிஞர் டோனி ஹோர், 1973இல் எழுதிய கட்டுரையில் கடலோட்டத்தை உவமையாக்கினார். ஒத்திகையில் சோதனைகளை வைத்திருந்து மெய்ப் பயன்பாட்டில் நீக்குவது, தரையில் அணிந்த உயிர்காப்பு அங்கியைக் கடலிற் களைவதை ஒக்கும் என்பது அவர் கருத்து. குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் தீவக மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

எனினும் விரைவு வெறும் ஆசையன்று. நெடுந்தீவிலிருந்து நோயாளியை ஏற்றிவரும் படகுக்கு விரைவே காப்பு. ஆகவே இழக்கும் நேரத்தையும் நேரக்கூடிய கேட்டையும் ஒருங்கே நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

நிறுத்த பின்னரும் தவறு நேரலாம். 1996 யூன் 4இல் ஏரியன் 5 ஏவூர்தி புறப்பட்டு ஏறத்தாழ 40 செக்கனில் சிதைந்தது. அதன் வழிகாட்டு மென்பொருள், காப்புக்குப் பெயர்பெற்ற ஏடா மொழியில் எழுதப்பட்டது. வரம்பு மீறக்கூடிய ஏழு மாறிகளுள் நான்கிற்கே காவல் இடப்பட்டது. கணினியின் சுமையை 80 வீதத்துள் அடக்குவதற்காக மூன்று காவலின்றி விடப்பட்டன. அவற்றுள் ஒன்றே வரம்பு மீறிற்று. ஏரியன் 4இன் பாதைக்குப் பொருந்திய கணக்கு, புதிய ஏவூர்தியின் பாதைக்குப் பொருந்தவில்லை. கடல் மாறியது, கணக்கு மாறவில்லை. காப்பான மொழியும் காவலை நீக்குவோரைக் காக்காது.

ஹோரின் உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. படகோட்டி பயணிகளோடு அதே படகில் இருக்கின்றார். அவரது துணிவுக்கு அவரது உயிரே பிணை. செய்நிரல் எழுதுவோர் கரையில் நிற்கின்றனர். அவர்தம் துணிவுக்கு முகமறியாத பிறர் பிணையாகின்றனர்.

2015இல் முதல் நிலையான பதிப்புக் கண்ட ரஸ்ட் மொழி, நினைவகத் தவறுகள் பலவற்றைச் செய்நிரல் ஓடுமுன்பே கண்டு தடுக்கின்றது. துறையிலேயே படகைச் சோதிப்பது போன்றது இது. விரைவு பெரிதும் குறைவதில்லை. எழுதுவோரின் உழைப்பே கூடுகின்றது. காப்பின் விலையை யாரேனும் கொடுத்தேயாதல் வேண்டும். அதனைக் கரையில் நிற்போர் உழைப்பாகக் கொடுப்பதே அறம். கடலில் இருப்போர் உயிராகக் கொடுக்குமாறு விடுவது அறமாகாது.