பிரஸ் ஷாப்பில் பூனையும் குரங்கும்

குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பிடி நழுவினால் விழ வேண்டியதுதான். பூனைக்குட்டி எதையும் பற்றிக்கொள்வதில்லை, தாய்தான் கவ்வித் தூக்கிப் போகிறது. இறைவனின் அருள் கிடைக்க மனிதன் தன் பங்குக்கு ஏதாவது செய்தாக வேண்டுமா என்ற கேள்விக்கு வைணவர்கள் சொன்ன இரண்டு விடைகள் இவை. வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையார் குரங்கைச் சொன்னார்கள். பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையார் பூனையைச் சொன்னார்கள். இரு தரப்புக்கும் ஆசாரியரான ராமாநுஜர் 1017-இல் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில், ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவன் நான். பாட்டி பூனைக் கட்சி. "நாம பிடிக்கிற பிடி எம்மாத்திரம்டா? அவர் பிடிச்சாத்தான் உண்டு" என்பாள்.

ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமோ வகுப்புக்குப் போகிறேன். அங்கே முதலில் கற்றுத் தருவது ஒரு வரிசை. ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார். முடியாவிட்டால், ஆபத்துக் குறைந்த வேறொன்றை அந்த இடத்தில் வை. அதுவும் முடியாவிட்டால், மனிதனுக்கும் ஆபத்துக்கும் நடுவே இயந்திரத்தாலேயே தடுப்புப் போடு. பயிற்சி, அறிவிப்புப் பலகை, அனுமதிச் சீட்டு எல்லாம் அதற்குப் பிறகு. கையுறையும் தலைக்கவசமும் கடைசி. நம் ஆலைகள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. கையுறையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

உலோகத் தகட்டை டை என்ற அச்சுகளுக்கு நடுவே அழுத்தி வடிவமைக்கும் பவர் பிரஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் டை இறங்கத் தொடங்கிவிட்டால் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடையாது. அதனால்தான் இரண்டு பொத்தான்களைத் தள்ளித் தள்ளி வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கைகளாலும் அழுத்தினால் மட்டுமே பிரஸ் இறங்கும்படி அமைக்கிறார்கள். லைட் கர்ட்டன் என்றொரு ஏற்பாடும் உண்டு. வாய்ப்பகுதிக்கு முன்னால் ஒளிக்கதிர்கள் திரைபோல ஓடும், விரல் அதை மறித்தால் பிரஸ் நின்றுவிடும். ஆபரேட்டர் தூங்கி வழிந்தாலும், வீட்டுக் கவலையில் இருந்தாலும், இவை அவன் கையைக் காப்பாற்றும். இது பூனையின் வழி. "கையை உள்ளே விடாதே" என்று எழுதி மாட்டிய பலகை குரங்கின் வழி. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டின் கடைசி மணியில் அந்தப் பிடி எத்தனை பேருக்கு நிற்கும்?

முன்பு நான் டை செட்டராக இருந்த ஒரு கம்பெனியில், ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவனுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின. எண்ணிக்கை குறையக் கூடாது என்பதற்காக ஒரு பொத்தானில் மரச்சிம்பைச் செருகி, அது எப்போதும் அழுந்தியே இருக்கும்படி விட்டிருந்தார்கள். ஒரு கை பொத்தானில், மறு கை உள்ளே. விசாரணை அறிக்கையில் காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு. கேன்டீனில் பேசிக்கொண்டது: "பாவம், அவனுக்கு நேரம் சரியில்லை." அந்த வெள்ளிக்கிழமை வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். பூசணிக்காயைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆயுத பூஜைக்குப் பிரஸ்ஸைத் துடைத்துச் சந்தனம் வைக்கிறவர்களிடம் இயந்திரத்தின் மேல் மரியாதை இருக்கிறது. ஆனால் கிரகத்தைச் சொன்னாலும் கவனத்தைச் சொன்னாலும் மரச்சிம்பைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. அடுத்த ஷிஃப்டில் அதே பிரஸ்ஸில் இன்னொருவன் நிற்கிறான்.

கவனக்குறைவு என்ற தீர்ப்புக்குப் பெரிய பரம்பரை இருக்கிறது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஹைன்ரிக், 1931-இல் வெளியிட்ட நூலில், நூற்றுக்கு 88 விபத்துகளுக்குத் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலே காரணம் என்றார். இன்றும் பயிற்சி வகுப்புகளில் அந்த 88 உலவுகிறது. அவர் அலசியவை காப்பீட்டுக் கோப்புகளும் ஆலை அதிபர்களிடமிருந்து வந்த அறிக்கைகளும். அப்படிப்பட்ட அறிக்கையை எழுதும் நாற்காலியில் நான் இருக்கிறேன். அடிபட்டவன் ஆஸ்பத்திரியில் கிடப்பான், மேலாளர் பக்கத்தில் நிற்பார். அந்த நேரத்தில் எந்தக் காரணம் எழுத எளிதானது என்பது எனக்குத் தெரியும்.

அப்படியானால் ஊழ் என்று ஒன்று இல்லையா? வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது இன்னொன்று: பொச்சாவாமை. நன்றாக நடக்கிறது என்ற மிதப்பில் மறந்து இருந்துவிடாமையைப் பற்றியது அது. அதை அவர் வைத்திருப்பது பொருட்பாலில், அரசியலில். மறவாமல் இருக்கும் கடமையை முதலில் ஆள்பவன் தலையில் வைக்கிறார். நம் சட்டமும் அங்கேதான் வந்து சேர்ந்தது. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987-இல், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தொழிலாளரின் பாதுகாப்பும் உடல்நலமும் ஆலையை நடத்துபவரின் பொறுப்பு என்று எழுதினார்கள்.

எழுதியதும் காரியம் நடந்துவிடவில்லை. 2010 அக்டோபர் இறுதியில், எங்கள் ஊர் நோக்கியா ஆலையில் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பெண் இயந்திரத்தில் சிக்கி இறந்தாள். 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியில் கெட்ட உணவால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போக, அவர்களுடைய தோழிகள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் அந்த விடுதிச் சமையலறையை நாடு எட்டிப் பார்த்தது.

பூனைக் கட்சியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நிர்வாகம் பெருமாள் அல்ல. பெருமாள் மறக்க மாட்டார் என்று பாட்டி நம்பினாள், நிர்வாகம் மறக்கும். கவ்வ வேண்டிய தாய் மறந்தால் குட்டி கத்தத்தான் வேண்டும். தொழிலாளிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை, அவன் பங்கு இதுதான் என்கிறேன். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை முதலாளியிடம் தெரிவிக்கலாம், கூடவே ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம் என்கிறது. பாதுகாப்புக் குழு அமைக்கும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத்தரப்பை விடக் குறைவாக இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் நாளைக்கு கேட் பாஸ் கிடைக்குமா என்று தெரியாத ஒப்பந்தப் பையனுக்குக் குரல் எங்கிருந்து வரும்?

திருக்கோட்டியூரில் ரகசியமாகக் கற்ற மந்திரத்தை ராமாநுஜர் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொன்னார், அதனால் தனக்கு நரகம் வந்தாலும் வரட்டும் என்றார் என்பது வைணவ மரபு சொல்லும் கதை. ஆபத்தைப் பற்றிய அறிவும் அப்படித்தான் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் வரிசையில் ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்கள் நிற்கிறார்கள், பலகைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொங்குகின்றன.

இந்தப் பகுதியில் பாதுகாப்புக் குழுவில் உட்காரும் தோழர்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் கையுறைக் கணக்கை ஓரமாக வையுங்கள். எந்தெந்த இயந்திரத்தில் தடுப்பு கழற்றிக் கிடக்கிறது, எந்த சென்சாரை யார் சொல்லி அணைத்தார்கள், அது எப்போது மறுபடி ஓடும் என்று கேளுங்கள். சொன்ன பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுத வைத்து, படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.