கூர்மையும் பொறுப்பும்

கத்தியை நேசிப்பது தகுமா? உணவை அறுத்துப் பங்கிடுவதும் அது. உயிரைப் பறிப்பதும் அதுவே. ஆகவே கத்தியின்மேல் ஆசை கொண்டவரை நாம் ஐயத்துடன் நோக்குகிறோம்.

அமெரிக்கரான பாப் லவ்லெஸ் (1929–2010) கப்பல் தொழிலாளியாயிருந்தவர். 1953-இல் நியூயார்க் கடையொன்றில் புகழ்பெற்ற ராண்டல் கத்தியைக் கேட்டார். ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் என்றனர். அவரோ பழைய இரும்புக் கிடங்கிலிருந்து 1937ஆம் ஆண்டுப் பேக்கார்டு காரின் ஸ்பிரிங் பட்டையை எடுத்துத் தாமே கத்தி செய்தார். அதுவே வாழ்நாள் தொழிலாயிற்று.

வாங்கி வைக்கும் ஆசை தன் இன்பத்தையே நாடும். செய்து கொடுக்கும் அன்போ பிறர் கையை நினைக்கும். வேட்டைக்காரர் தோலுரிக்கையில் உள்ளுறுப்பைக் குத்திவிடலாகாது என்பதற்கு ஏற்ற, முனை தாழ்ந்த அலகை லவ்லெஸ் பரவச் செய்தார்.

செந்தணலாய்க் காய்ந்த எஃகை எண்ணெயில் தோய்த்தால் கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். மீண்டும் இளஞ்சூட்டில் பதப்படுத்தினால் கடினத்தில் சிறிது இழந்து உறுதி பெறும். ஆசையும் அவ்வாறே, உழைப்பில் காய்ந்து, பிறர்நலத்தில் பதம் பெறவேண்டும்.

வாங்கியவர் செய்யும் தீமைக்கெல்லாம் கைவினைஞர் பொறுப்பாளர் அல்லர். ஆயினும் மெருகின் அடியில் மறைந்த விரிசலை அவர் மட்டுமே அறிவார். அதற்கு அவரே பொறுப்பு. லவ்லெஸ் தம் பெயரையும் ஊரையும் அலகில் பொறித்தார். குறையிருப்பின் என்னிடம் வாருங்கள் என்று சொல்வதன்றோ அத்தகைய முத்திரை!

நாம் நேசிப்பவற்றுள் எத்தனைக்கு இவ்வாறு நம் பெயரைப் பொறிக்கத் துணிவோம்?