காணாமற்போன காசும் வீட்டுச் சாவியும்



வெள்ளிக்காசைத் தொலைத்த ஸ்திரீ விளக்கேற்றி வீட்டைக் கூட்டித் தேடினதையும், கண்டடைந்தபின் அயலாரை அழைத்து மகிழ்ந்ததையும் அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 15-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

நம் வெம்பாக்கத்து வீடுகளிலும் தேடல் ஓய்ந்தபாடில்லை. வண்டிச் சாவி, பை, ஆரணிக்குக் கொண்டுபோகும் சேலைக்கட்டு! அந்தோணியாருக்கு மெழுகுதிரி நேர்ந்துகொள்கிறோம். இப்போது தேட உதவும் வில்லைகளும் வந்திருக்கின்றன. ஆப்பிள் கம்பெனி 2021-ல் வெளியிட்ட ஏர்டேக் அவற்றில் ஒன்று. அருகே செல்வோரின் ஐபோன்கள் அதன் புளூடூத் குறிப்பைப் பெற்று, இருக்குமிடத்தை உடையவருக்கு அறிவிக்கின்றன. முதலில் உடையவர் ஒருவரே அதைப் பார்க்க முடிந்தது. 2023 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 17 முதல், ஐபோன் வைத்திருக்கும் வேறு ஐந்து பேர் வரை சேர்ந்து பார்க்கலாம். தகப்பன் வைத்த சாவியை இனி தாயும் மகனும் தேடலாம். நல்லதுதான்.

ஆனால் சென்ற மாதம் ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார்: "சுவாமி, கல்லூரிக்குப் போகும் மகளின் பைக்குள் அவளறியாமல் ஒரு வில்லையைப் போட்டுவைக்கலாமா?"

பிரியமானவர்களே, காசிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. மகளிடம் கேட்க வேண்டும். பை போகுமிடம் தெரிந்தால் அவள் போகுமிடமும் தெரியுமல்லவா? செய்தவர்களே இதை உணர்ந்திருக்கிறார்கள். பகிர்ந்துகொள்ள உடையவர் அழைப்பு அனுப்ப வேண்டும். மற்றவர் அதை ஏற்க வேண்டும். விரும்பினால் விலகவும் செய்யலாம். அந்நிய வில்லை கூடவே வந்தால் போன் எச்சரிக்கும். 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் கூடி ஆண்ட்ராய்டு போன்களிலும் அவ்வெச்சரிக்கையை விரிவாக்கின. ஒளித்துவைத்தது ஒருநாள் வெளிப்படும். அன்று பை கிடைக்கும், மகளின் நம்பிக்கை காணாமற்போகும். பிறகு அதைத் தேடித்தர எந்த வில்லை உண்டு?

பன்னிரண்டு வயது சேசுபாலனை மூன்று நாள் தேடித் தேவாலயத்தில் கண்ட தேவமாதா, தங்கள் துயரத்தை அவரிடமே வெளிப்படையாகச் சொன்னார்கள். அவரும் அவர்களோடு நாசரேத்துக்குப் போய் அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார். கவலையை மறைக்காமல் சொல்வதே பெற்றோர்க்கு அழகு.

அந்தத் தகப்பனுக்கும் இதையே சொன்னேன்: "உன் பயத்தை அவளிடம் சொல். அவள் சம்மதித்தால் வை, மறுத்தால் வற்புறுத்தாதே. பேச்சை மட்டும் விட்டுவிடாதே."

இன்றிரவு ஜெபமாலை முடிந்ததும், வீட்டாரெல்லோரும் கூடியிருக்கையில் கேளுங்கள்: எதை எல்லோரும் பார்க்கலாம், எது அவரவர்க்கே உரியது? பொருளைச் சேர்ந்து தேடுங்கள். ஒருவரையொருவர் வேவு பார்க்காதீர்கள். ஆமென்.